பேய்நாடு: கலிங்கத்துப்பரணியும் பட்டுக்கோட்டையும்

பேய்நாடு என்பது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் காளியின் ஆட்சிக்கு உட்பட்டதாகப் பாடப்படும் கற்பனை உலகம். பொ.யு. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட இந்நூல், முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடுகிறது. ஆனால் நூலின் பெரும்பகுதி போர்க்களத்தில் நிகழவில்லை. பேய்கள் வாழும் காட்டிலும், காளியின் கோயிலிலும், போருக்குப் பின் பேய்கள் கூழ் சமைக்கும் களத்திலுமே அது நிகழ்கிறது. அரசவை, மனு, தூது, வரலாறு, கணக்கு, சாதி, சமயம், பந்தி எல்லாம் கொண்ட முழுமையான ஒரு பேரரசாகப் பேய்நாடு அமைக்கப்பட்டுள்ளது. அங்கு இல்லாதது ஒன்றே. அது வயல்.

தீபங்குடியைச் சேர்ந்தவர் என்று மரபாகச் சொல்லப்படும் செயங்கொண்டார் காவிரிச் சமவெளியின் கவிஞர். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே சமவெளியின் தென்கோடியில், பட்டுக்கோட்டைக்கு அருகே பிறந்த கல்யாணசுந்தரம் பேயைப் பற்றி வேறொரு பாடலை எழுதினார். அதையும் அருகில் வைத்துப் படிக்கும்போது, பேய்களின் பசியை யார் எதற்காகப் பாடினார் என்ற கேள்வி தெளிவாகிறது.

பரணி என்னும் வடிவம்

பரணி தமிழின் 96 வகைச் சிற்றிலக்கியங்களுள் ஒன்று. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது என்று பாட்டியல் நூல்கள் இதற்கு இலக்கணம் சொல்கின்றன. பரணி நாண்மீன் காளிக்கும் யமனுக்கும் உரியது. வென்றவனைப் பாடினாலும், நூலுக்குத் தோற்றவரின் பெயரை இடுவதே மரபு. கலிங்கத்தைப் பற்றிய பரணி கலிங்கத்துப்பரணி ஆயிற்று. தக்கனின் வேள்வி அழிந்ததைப் பற்றியது தக்கயாகப்பரணி ஆயிற்று.

இதற்கு முன்பே சோழர்களின் கொப்பத்துப் போரையும் கூடல சங்கமத்துப் போரையும் பற்றிப் பரணிகள் பாடப்பட்டதாகக் குறிப்புகள் உண்டு. அவை கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுள் முதலாவது கலிங்கத்துப்பரணி. ஏறத்தாழ 600 தாழிசைகளால் ஆனது. கடவுள் வாழ்த்து, கடை திறப்பு, காடு பாடியது, கோயில் பாடியது, தேவியைப் பாடியது, பேய்களைப் பாடியது, இந்திரசாலம், இராச பாரம்பரியம், பேய் முறைப்பாடு, அவதாரம், காளிக்குக் கூளி கூறியது, போர் பாடியது, களம் பாடியது என்று அதன் உறுப்புகள் அமைகின்றன.

இந்த வரிசையில் போர் பன்னிரண்டாவது இடத்தில்தான் வருகிறது. அதற்கு முன் வாசகர் காட்டையும் கோயிலையும் பேய்களையும் கடந்து வரவேண்டும். போருக்குப் பின்னும் பேய்களிடமே திரும்பவேண்டும்.

போர்க்களத்தில் பேய்கள் சமைப்பது செயங்கொண்டாரின் கண்டுபிடிப்பு அல்ல. சங்க இலக்கியத்தில் களவேள்வி உண்டு. புறநானூற்றின் 26-ஆம் பாடலில் மாங்குடி கிழார், பாண்டியன் நெடுஞ்செழியனின் போர்க்களத்தை ஒரு சமையற்களமாகக் காட்டுகிறார். அதில் முடியணிந்த தலைகள் அடுப்பு, குருதி உலைநீர், வளையணிந்த தோள் துடுப்பு. சங்கக் கவிஞர் ஒரு பாடலுக்குள் முடித்த இந்த உருவகத்தைச் செயங்கொண்டார் ஒரு நாடாக விரித்தார். அங்கே சமைத்தவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை. இங்கே அவர்களுக்கு ஆட்சியும் குடிவரிசையும் குறைகளும் உண்டு.

நாட்டின் அமைப்பு

பேய்நாடு இருப்பது பாலையில். அங்கே மரங்கள் தீய்ந்து, நிலம் வெடித்து, நிழல்கூட நிற்கமுடியாமல் ஓடிவிடுகிறது. நீர்வளம் மிக்க சோழநாட்டுக் கவிஞர் தன் அரசனைப் பாடும் நூலின் மையத்தில் வறட்சியை வைத்தது தற்செயல் அல்ல. பேய்நாட்டில் எதுவும் விளைவதில்லை. அதன் குடிகள் உண்ணவேண்டுமென்றால் எங்கோ ஒரு போர் நடக்கவேண்டும்.

நாட்டின் நடுவே காளியின் கோயில் உள்ளது. மாண்டவர்களின் உடலும் அணியும் சேர்ந்து எழுந்த கட்டடம் அது. வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து பலியிடுவது அங்கு நித்திய வழிபாடு. இந்தக் கோயிலே அரசவை. காளி வீற்றிருக்கிறாள், பேய்கள் சூழ்ந்து நிற்கின்றன, வாயிலில் வந்தவர் அறிவிக்கப்படுகிறார், ஆணை பெற்றபின் பேசுகிறார். சோழ அரசவையின் நடைமுறையே இது.

பேய்களின் உடல் பசியால் ஆனது. வயிறு முதுகோடு ஒட்டிக் குகையாகிவிட்டது. அவற்றுள் குள்ளமானவை, கூனானவை, முடமானவை, ஊமையானவை உண்டு. செயங்கொண்டார் இந்தக் குறைகளுக்குக் காரணம் சொல்லும் இடம் நூலின் நுட்பமான பகுதிகளில் ஒன்று. சோழர்களின் பழைய போர்களில் பேய்கள் உண்டபோதும் முண்டியடித்தபோதும் நேர்ந்தவையே இந்தக் குறைகள். சோழரின் வெற்றிகள் மெய்க்கீர்த்தியாகக் கோயில் சுவர்களில் வெட்டப்பட்ட காலம் அது. பேய்நாட்டில் அதே வெற்றிகள் குடிகளின் உடலில் ஊனமாகப் பதிந்திருக்கின்றன.

இந்திரசாலப் பகுதி இந்த நாட்டின் அரசியலைச் சுருக்கமாகக் காட்டுகிறது. காளியின் சினத்துக்கு அஞ்சி இமயத்துக்கு ஓடிய முதுபேய் ஒன்று அங்கு மாயவித்தை கற்றுத் திரும்புகிறது. பிழையை மன்னிக்கும்படி வேண்டி, கற்ற வித்தையைக் காளிமுன் காட்டுகிறது. வெட்டுண்ட யானைகள், குருதி ஆறு, பிணக்குவியல் எல்லாம் கண்முன் தோன்றுகின்றன. பசித்த பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் எதுவும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, வெறும் வாயை மெல்லுகின்றன. வித்தையை நிறுத்தச் சொல்லி அவை காளியிடம் முறையிடுகின்றன. வெற்றியின் காட்சி வேறு, வெற்றியின் உணவு வேறு என்பதைப் பேய்கள் வயிற்றால் அறிந்துகொள்ளும் இடம் இது.

பேய்கள் சொல்லும் வரலாறு

சோழர்களின் வமிசாவளியைப் பாடும் இராச பாரம்பரியம் இந்திரசாலத்தை அடுத்து வருகிறது. கரிகாலன் இமயத்தில் புலிக்கொடி பொறித்தபோது நாரதர் அவனுக்குச் சோழர் மரபைக் கூறினார் என்றும், அதை அவன் மலைப்பக்கத்தில் எழுதிவைத்தான் என்றும் நூல் சொல்கிறது. அந்த எழுத்தைக் கண்டுவந்து அவையில் எடுத்துரைப்பது அதே முதுபேய். சற்று முன்பு பொய்ப்பிணங்களைக் காட்டிய பேய், இப்போது அரச வமிசத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. செயங்கொண்டார் இந்த வரிசையை விளக்கவில்லை.

இந்த வமிசாவளிக்கு அரசியல் தேவை இருந்தது. குலோத்துங்கன் நேர்மகன் வழியில் சோழ அரியணைக்கு வந்தவன் அல்ல. அவன் தந்தை கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன், தாய் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவி. அதிராசேந்திரனின் மறைவுக்குப் பின், 1070-இல் அவன் சோழப் பேரரசைக் கைக்கொண்டான். நூலின் 'அவதாரம்' பகுதி, உலகைக் காக்கத் திருமாலே குலோத்துங்கனாகப் பிறந்ததாகச் சொல்கிறது. அதைப் பேய்களுக்குச் சொல்பவள் காளி. உரிமை பற்றிய கேள்வி எழக்கூடிய ஓர் அரசனின் வரலாறு, கேள்வி கேட்கமுடியாத தெய்வத்தின் வாயில் வைக்கப்படுகிறது.

எதிரியின் பக்கமும் இதே முடிச்சு உண்டு. கலிங்கத்தை ஆண்ட அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் இராசசுந்தரி ஒரு சோழ இளவரசி. அவன் பெயரிலேயே சோழம் இருக்கிறது. தாய்வழியில் சோழனான ஒருவன், தாய்வழியில் சோழனான இன்னொருவன்மீது படை அனுப்பியதே இந்தப் போர். பரணி இந்த உறவைப் பேசுவதில்லை. கலிங்க மன்னன் இருமுறை திறை கொண்டுவரத் தவறினான் என்ற காரணம் மட்டும் கூறப்படுகிறது.

கூழும் காவிரிச் சமையலறையும்

களம் பாடியது நூலின் உச்சம். போர் முடிந்ததும் காளி களத்துக்கு வருகிறாள். பேய்கள் பல் துலக்கி, எண்ணெய் தேய்த்து, நீராடி, அணி பூண்டு, சமையலுக்கு இறங்குகின்றன. யானைக் கொம்பு பற்குச்சி, யானையின் மதநீர் எண்ணெய், குருதி நீர். முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது. கலிங்க வீரர்களின் பற்களே அரிசி.

தமிழ்ப் போர்க்கவிதையில் கொடூரம் புதிதல்ல. இங்கே கவனிக்க வேண்டியது ஒழுங்கு. எந்தப் படியும் விடுபடவில்லை. இடம் மெழுகி, அடுப்பு மூட்டி, உலை வைத்து, அரிசி குற்றி, புடைத்து, களைந்து, இட்டு, துழாவி, பதம் பார்த்து, இறக்கி, ஆற வைத்துப் பரிமாறுகிறார்கள். உண்டபின் வெற்றிலைபாக்கும் உண்டு. குதிரைச் செவி வெற்றிலை, குளம்பின் பிளவு பாக்கு, கலிங்கரின் கண்மணி சுண்ணாம்பு. இது நெல்லோடு வாழ்ந்த ஒரு நிலத்தின் சமையலறை. சமைக்கும் முறையில் எதுவும் மாறவில்லை, சமைக்கப்படும் பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

அரிசி குற்றும்போது பேய்கள் பாடும் வள்ளைப்பாட்டு இதன் முக்கியமான சான்று. நெல் குற்றும் பெண்கள் உலக்கையின் தாளத்துக்குப் பாடுவது வள்ளை. உழைப்பின் பாட்டு அது. பரணியில் பேய்மகளிர் குலோத்துங்கனின் புகழைப் பாடிக்கொண்டே பற்களைக் குற்றுகிறார்கள். அறுவடையின் பாடல் அழிவின் பாடலாகிறது. பாலையில் பிறந்த பேய்களுக்கு உலக்கைப்பாட்டை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், விடை காவிரிக் கரையில்தான் கிடைக்கும். பேய்கள் சோழநாட்டுக் குடும்பத்தின் மொழியைப் பேசுகின்றன.

கூழ் என்பதும் கருதத்தக்கது. அது விருந்துணவு அல்ல, பசித்தவரின் உணவு. பேரரசின் மிகப்பெரிய வெற்றிக்குப் பிறகு அதன் பாடகர்களுக்குக் கிடைப்பது கூழ்தான்.

பந்தியில் சமூகம்

கூழ் வார்க்கும் பகுதியில் பேய்நாட்டின் சமூகம் முழுமையாக வரிசையில் வந்து அமர்கிறது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் எனப் பல. ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்புக்கேற்பப் பரிமாறப்படுகிறது. உயிர்க்கொலை செய்யாத, ஒருவேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்க்குக் கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, கொழுப்புத் துணியால் வடிகட்டி ஊற்றவேண்டும். ஊமைப் பேய்க்குச் சைகையால் கேட்டு ஊற்றவேண்டும். முந்தைய இரவு நற்கனவு கண்ட பேய்க்கு நாளைக்கும் சேர்த்துக் குதிரைத்தோலில் கட்டிக் கொடுக்கவேண்டும்.

இதற்கு இணையான இன்னொரு பகுதி போர்க்களத்தில் உண்டு. தோற்று ஓடும் கலிங்கர் வேடமிடுகிறார்கள். ஒருவர் மயிரைப் பறித்துக்கொண்டு தன்னைச் சமணர் என்கிறார். ஒருவர் வில்நாணைப் பூணூலாக்கிக் கங்கையாட வந்தேன் என்கிறார். குருதி தோய்ந்த ஆடையைக் காட்டித் தன்னைப் புத்தத் துறவி என்கிறார் ஒருவர். உயிர் தப்ப மனிதர் புனையும் வேடங்கள் அடுத்த பகுதியில் பேய்களின் சாதிகளாக வந்து பந்தியில் உட்காருகின்றன. சமய அடையாளம் களத்தில் வேடமாகவும் பந்தியில் கூழுக்கான தகுதியாகவும் இருக்கிறது. தீபங்குடி பழமையான சமணக் கோயில் உள்ள ஊர். செயங்கொண்டார் சமணராக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அப்படியானால் சமணப் பேய் பற்றிய எள்ளல் வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளிருந்து வந்த நகைப்பு.

பந்தியில் ஒரு கணக்கப் பேயும் உண்டு. பேய்களை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் அதற்கும் உள்ளம் குளிரக் கூழ் ஊற்றவேண்டும். சோழப் பேரரசு எண்ணுவதில் தேர்ந்தது. முதலாம் இராசராசன் தொடங்கிய நில அளவைப் பணியைக் குலோத்துங்கன் 1086-இல் மீண்டும் செய்தான். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் நிலக்கணக்கு எடுத்ததும் அதே ஆண்டில்தான். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றவனின் அரசிலும் கணக்கரின் கை ஓங்கியே இருந்திருக்கும். எண்ணுகிறவனுக்குத் தனியாகப் பரிமாறவேண்டும் என்ற கேலி, அரசு எப்படி இயங்குகிறது என்று அறிந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

புகழ்ச்சியா, எள்ளலா

கலிங்கத்துப்பரணி நீண்டகாலம் இருவகையில் வாசிக்கப்பட்டது. முதலாவது வரலாற்று வாசிப்பு. 1890-இல் வி. கனகசபைப் பிள்ளை இந்நூலின் பகுதிகளை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். பின்வந்த சோழர் வரலாற்றாசிரியர்கள் இதைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பயன்படுத்தினர். இந்த வாசிப்பில் பேய்கள் ஒதுக்கப்பட வேண்டிய அலங்காரம். போரும் வமிசாவளியும் மட்டுமே பொருள்.

இரண்டாவது சந்த வாசிப்பு. தாழிசைகளின் ஓசை வேகமும் சொல்லின் மிடுக்கும் போற்றப்பட்டன. இதில் பேய்கள் நகைச்சுவைக்கும் அச்சச்சுவைக்கும் உரிய பாத்திரங்கள். டேவிட் ஷுல்மன் 1985-இல் வெளியிட்ட தன் நூலில் இந்நகைச்சுவையை அரசனுக்கும் கோமாளிக்கும் இடையேயான தென்னிந்திய உறவின் பகுதியாக எடுத்துப் பேசினார். அதன்பின் பேய்களை ஒதுக்கிவிட்டுப் பரணியைப் படிப்பது கடினமாயிற்று.

செயங்கொண்டார் பேரரசை எள்ளினார் என்று சொல்ல நூலில் நேரடிச் சான்று இல்லை. அவர் அவைப்புலவர். நூல் குலோத்துங்கனுக்கு வாழ்த்துக் கூறி முடிகிறது. பேய்களும் உண்டு மகிழ்ந்து வாழ்த்துகின்றன. பேய்ப்பந்தி என்பது பரணி இலக்கணத்தின் கடமை என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் ஒரு நூல் எதைக் காட்டுகிறது என்பது ஆசிரியரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. பேரரசின் புகழைப் பசித்த வாய்கள்தான் பாடவேண்டும் என்ற அமைப்பை ஏற்றுக்கொண்ட கணத்தில், அந்தப் புகழின் விலையும் நூலுக்குள் வந்துவிடுகிறது.

வரலாறு இதற்கு ஒரு பின்குறிப்பை எழுதியது. கலிங்கப் போருக்குப் பின் சோழர் கலிங்கத்தைத் தம் நாட்டோடு சேர்க்கவில்லை. தோற்று ஓடியதாகப் பாடப்பட்ட சோடகங்கன் 1147 வரை ஆண்டு, கீழைக் கங்கரின் ஆட்சியைக் கங்கை முதல் கோதாவரி வரை விரித்தான். புரி சகந்நாதர் பெருங்கோயிலைக் கட்டத் தொடங்கியவன் அவனே. குலோத்துங்கனோ தன் இறுதி ஆண்டுகளில் கங்கபாடியைப் போசளரிடமும் வேங்கியை மேலைச் சாளுக்கியரிடமும் இழந்தான். ஆக, கலிங்கப் போரின் நிலைத்த பயன் என்று கையில் எஞ்சியவை கொள்ளைப்பொருளும் ஒரு நூலும்தான். முதுபேய் காட்டிய இந்திரசாலத்தில் பாய்ந்தவர்கள் பேய்கள் மட்டும் அல்ல.

பிற பேயுலகங்கள்

தமிழில் பேய் எப்போதும் பேரரசின் குடியாக இருந்ததில்லை. செயங்கொண்டாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அதே காவிரி கடலில் கலக்கும் பகுதியில் காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்று அழைத்துக்கொண்டார். திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு நிற்கும் பேய் அவர். உடலின் அழகையும் இல்லறத்தின் கட்டையும் உதறியபின் எஞ்சியதே அந்தப் பேய். அதற்கு அரசன் இல்லை, கூழ் வேண்டியதில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவர் வற்றிய மார்பும் கையில் தாளமுமாக அமர்ந்திருக்கிறார். ஒரே காலத்தின் கலையில் ஒரு பேய் அரசைப் பாடுகிறது, ஒரு பேய் அரசை மறந்து பாடுகிறது.

ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணி பரணி வடிவத்தைப் புராணத்துக்குக் கொண்டுசென்றது. அங்கு போர் வீரபத்திரனுடையது, தோற்றவர் தேவர்கள். கூழுக்குள் வரலாற்று மனிதர் இல்லை. எனவே கலிங்கத்துப்பரணியைப் படிக்கையில் எழும் அமைதியின்மையும் அங்கு குறைவு.

இக்கால மேலைக் கற்பனைப் புனைவுகளோடு ஒப்பிடும்போது செயங்கொண்டாரின் துணிவு தெரியும். டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) முதல் வரும் புனைவுகளில் கோப்ளின்களும் ஓர்க்குகளும் பெரும்பாலும் எதிரியின் படை. அவர்களைக் கொல்வதில் வாசகருக்கு உறுத்தல் இருக்கக்கூடாது என்பதற்காகவே அவர்கள் அருவருப்பாக ஆக்கப்படுகிறார்கள். பரணியில் இது தலைகீழ். கொல்லப்படும் கலிங்கர் மனிதர்கள். அவர்களுக்கு அஞ்சத் தெரியும், பொய் சொல்லத் தெரியும், அவர்களின் மனைவியர் களத்தில் கணவனின் உடலைத் தேடுகிறார்கள். பேய்களோ வென்றவனின் பக்கம் நிற்கின்றன. எதிரியைப் பேயாக்காமல் தன் வெற்றியைக் கொண்டாடுபவரைப் பேயாக்கிய போர்க்காவியம் அரிது.

பட்டுக்கோட்டையின் மறுப்பு

பட்டுக்கோட்டை வட்டாரம் சோழர்களின் பழைய நெல்வயல்களின் விளிம்பில் உள்ளது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டதை ஒட்டி வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் வழியாகவே இப்பகுதியின் பெரும்பாகத்துக்குக் காவிரி நீர் வந்தது. மக்கள் அதைப் புதாறு என்கிறார்கள். காவிரியின் வளத்தைப் பற்றிய பாடல்கள் பழையவை, இந்த மண்ணுக்கு வந்த காவிரி புதியது.

புதாறு வருவதற்கு 4 ஆண்டுகள் முன், 1930-இல், பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் பிறந்தவர் கல்யாணசுந்தரம். உழவுக் குடும்பத்தில் பிறந்து, பொதுவுடைமை இயக்கத்தோடும் விவசாயிகள் போராட்டங்களோடும் வளர்ந்து, திரைப்பாடலாசிரியராகி, 1959-இல் 29 வயதில் மறைந்தார். அவர் இளமை கழிந்த காலம் தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்கள் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகத் திரண்ட காலம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டங்களின் விளைவே.

அவர் மறைவுக்குப் பின் 1961-இல் வெளியான 'அரசிளங்குமரி' படத்தில் ஒரு சிறுவனுக்கு அறிவுரை கூறும் பாடல் உள்ளது. அதில் மரத்தின் உச்சியில் ஆடும் பேயைப் பற்றிய பேச்சு வருகிறது. விளையாடப் போகும் பிள்ளையை வேலையற்றவர்கள் இப்படி அச்சுறுத்துவார்கள், அதை விளையாட்டுக்குக்கூட நம்பிவிடாதே என்கிறது பாட்டு. அதே பாடல், உடலோடு அறிவும் வளரவேண்டும் என்கிறது, தனியுடைமையின் கொடுமை தீரப் பாடுபடு என்றும் சொல்கிறது. பேயைப் பற்றிய அச்சமும் உடைமையைப் பற்றிய பேச்சும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருகின்றன. அச்சம் நீங்காமல் உரிமை கேட்க வாய் திறக்காது என்பது அதன் தருக்கம்.

'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கு அவர் எழுதிய உரையாடல் பாடல் ஒன்று இதன் மறுபாதி. காடு விளைந்தாலும் உழைத்தவருக்குக் கையும் காலும்தானே மிச்சம் என்று பெண் கேட்கிறாள். ஆண் நம்பிக்கை சொல்கிறான். செயங்கொண்டாரின் பேய்நாட்டில் வயல் இல்லை, அதனால் பசி. கல்யாணசுந்தரத்தின் ஊரில் வயல் உண்டு, விளைச்சலும் உண்டு, ஆனாலும் பசி. முதலாவது பசிக்குப் பரணி தரும் தீர்வு இன்னொரு நாட்டின்மீது போர். இரண்டாவது பசிக்கு அப்படித் தீர்வு இல்லை. நெல்லை எடுத்துச் சென்றவர் அதே ஊரில் இருக்கிறார்.

இவ்விரு கவிஞரையும் எதிரெதிராக நிறுத்துவது எளிது. ஒருவர் அவைப்புலவர், மற்றவர் மக்கள் கவிஞர். ஆனால் இருவரும் அறிந்திருந்த உண்மை ஒன்றே. பசித்தவரிடம் கதை சொல்லி நெடுநாள் காலம் தள்ள முடியாது. இந்திரசாலத்தை நிறுத்தச் சொன்ன பேய்களும், பேய்க்கதையை நம்பாதே என்று கேட்ட சிறுவனும் அந்த இடத்தில் சந்திக்கிறார்கள். செயங்கொண்டாரின் பேய்கள் அதற்கு மேல் போகமுடியாது. காளியிடம் மனு கொடுத்துவிட்டு அடுத்த போருக்குக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கத் தேவையில்லை என்பதே பட்டுக்கோட்டைப் பாடல் சேர்த்தது.

இலக்கிய இடம்

கலிங்கத்துப்பரணி தமிழ்ப் போரிலக்கியத்தின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் மதிப்பு பெரும்பாலும் சந்தத்தின்மீதும் வரலாற்றுச் செய்திகளின்மீதும் வைக்கப்பட்டது. நூலின் பேய்நாடு இவற்றுக்குக் குறையாத சாதனை. குடிகள், நிர்வாகம், நினைவு, சமையல், சடங்கு என்று உள்ளிணைவு குலையாமல் கட்டப்பட்ட கற்பனை அரசு தமிழ் மரபில் இதுபோல் வேறில்லை. அதன் குறையும் இதில்தான் உள்ளது. பேய்நாட்டில் ஒரு குடிகூட மறுத்துப் பேசுவதில்லை. முறைப்பாடு உண்டு, மறுப்பு இல்லை. கலிங்கரின் அழுகை கேட்கிறது, அவர்களின் நியாயம் கேட்பதில்லை. அமைச்சன் எங்கராயன் சோழரின் வலிமையைச் சொல்லித் தன் அரசனை எச்சரிக்க மட்டுமே பேசுகிறான்.

பேய்நாடு சோழப் பேரரசின் நிழல். நிழல் உருவத்தின் எல்லா அசைவையும் செய்யும், ஆனால் அதற்கு உண்ண எதுவும் இருக்காது. புகழை மட்டும் உண்டு வாழமுடியாத குடிகளை அப்புகழின் நடுவே உட்கார வைத்ததனால், கலிங்கத்துப்பரணி தான் பாடிய பேரரசுக்குப் பின்னும் படிக்கப்படுகிறது.